பவளத்துக்குத் திரை தைத்தவள்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் புருல் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பாள். வீட்டுக்காரர்களை நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. கையுறையைக் கழற்றி, வலது கையை வெளிச்சத்தில் நீட்டி, புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "காலையில ஒம்பதரை வரைக்கும் ஒண்ணும் வராது. அப்புறம் வரும் பாருங்க, சாயந்திரம் வரைக்கும் நகராது. சோபா அந்தப் பக்கம் வெளுத்திருக்கணுமே?" என்பாள். போர்வையை விலக்கிப் பார்த்தால் சோபா வெளுத்துத்தான் இருக்கும்.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்துத் துணிச் சந்தையில், திரைத்துணி விற்பவர்கள் வரிசையில் ஏழாவது கடை அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அளப்பது, வெட்டுவது, தைப்பது, ஏணியில் ஏறி மாட்டுவது எல்லாம் அவளேதான். வயது ஐம்பத்தொன்று. சந்தையில் எல்லோரும் அவளை அக்கா என்ற பொருளில் எஜே என்று கூப்பிடுவார்கள். அவளுக்கே அக்காவாகக்கூடியவர்களும் அப்படித்தான். ஒருமுறை ஒரு சாவு வீட்டில் பெண்கள் எல்லோரும் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தபோது புருல் மட்டும் எழுந்து, முக்காலியைத் தேடி எடுத்துப் போட்டு ஏறி, கொக்கி கழன்று தொங்கிய திரையைச் சரிசெய்தாள். இறங்கி முக்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து அழுதாள். யாரும் தப்பாக நினைக்கவில்லை. கொக்கி எல்லோருக்குமே உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

கடலை அவள் பார்த்ததில்லை. இசிக்-குல் ஏரியைப் பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் தண்ணீர் ஒரு மனுஷிக்கு எதற்கு என்றுதான் நினைத்திருந்தாள், பல் டாக்டர் ஹெகாயின் வீட்டுக்கு அளவெடுக்கப் போகும்வரை.

ஹெகாய் கொரிய வம்சத்துக்காரர். மனைவி இல்லை. தோட்டத்துடன் தனி வீடு; கூடத்தில், சாதாரணமாக ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசை இருக்கும் இடத்தில், ஐந்நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி. உள்ளே பாறை, பாறை மேல் ஊதாவும் பச்சையுமாகப் பவளங்கள், நடுவே ஒரு ஆரஞ்சு மீன் எதையோ தொலைத்துவிட்டதுபோல் அலைந்துகொண்டிருந்தது.

"மத்தியானம் இந்த ஜன்னல் வெயில் தொட்டியில அடிக்குது. பாசி புடிக்குது. கனமா ஒரு கர்ட்டன் வேணும்" என்றார் ஹெகாய்.

புருல் தொட்டியின் மேல் தொங்கிய விளக்கைப் பார்த்தாள். "வெயில் ஆகாதுன்னா மேல எதுக்கு டாக்டர் இவ்ளோ பெரிய விளக்கு?"

"அது வேற வெயில்."

அவள் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியின் முன் இருபது நிமிடம் நின்றாள். பிறகு ஜன்னலை அளந்தாள். ஒரு வாரம் கழித்துத் திரையைக் கொண்டுவந்து மாட்டியபோது பதினைந்து சென்டிமீட்டர் குட்டை. இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல்முறை. இருவரும் அந்தப் பதினைந்து சென்டிமீட்டர் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி தைத்துக் கொண்டுவந்து மாட்டினாள். இரண்டாவது துணிக்கும் காசு தருகிறேன் என்று ஹெகாய் பிடிவாதம் பிடித்தபோது, தொட்டிக்குள் விரலை நீட்டி, "அதுல கொஞ்சம் குடுங்க" என்றாள்.

ஹெகாய் பல் பிடுங்கும் குறடால் ஒரு ஊதாப் பவளத்தின் நுனியை நறுக்கினார். கட்டைவிரல் அளவு, இரண்டு கிளை. அதைப் பசை வைத்து ஒரு கல்லில் ஒட்டினார்.

"இது செடி இல்ல, உசுரு. ஒடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சத்தத் தின்னு, வாடகைக்குப் பதிலா இதுக்குச் சோறு போடுது. வெளிச்சம் கொறஞ்சா சோறு கொறையும், நிறம் செத்துப் பழுப்பா ஆயிடும்."

"ஜாஸ்தியானா?"

"குடியிருக்கிறவங்களத் தொரத்திடும். வெள்ளையாயிடும். அப்புறம் பட்டினியில செத்துடும்."

"கூடவும் கூடாது, கொறையவும் கூடாது" என்றாள் புருல். அவளுடைய வாடிக்கையாளர்களும் அதையேதான் கேட்பார்கள்.

புருலின் நான்காம் மாடி வீட்டில், கல்யாணச் சீராக வந்த கண்ணாடிக் கிண்ணங்களின் அலமாரி பால்கனிக்குப் போனது. அதன் இடத்தில் அறுபது லிட்டர் தொட்டி வந்தது. அவள் கணவன் ஸ்தால்பெக் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஒரு நாளைக்குப் பேச வேண்டியதை லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு வழியாகப் பேசித் தீர்த்துவிடுவான். வீட்டில் அவ்வளவாகப் பேசமாட்டான். அவள் வாளியில் உப்பைக் கலக்குவதையும், வெப்பமானியைப் போட்டுப் பார்ப்பதையும் மூன்று நாள் கவனித்துவிட்டுக் கேட்டான்.

"மீன் எப்ப வரும்?"

"மீன் இல்ல. இதுதான்."

ஸ்தால்பெக் குனிந்து அந்தக் கட்டைவிரலைப் பார்த்தான். "இது என்ன பண்ணும்?"

"இருக்கும்."

அவன் தலையாட்டிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தொட்டியோடு வந்த விளக்கு பேருக்கு ஒரு விளக்கு. மூன்று மாதத்தில் ஊதா மங்கிப் பழுப்பானது, பிறகு கரும்பழுப்பானது. புருல் தோர்தோய் சந்தைக்குப் போனாள். அங்கே விளக்குக்காரி, "வளர்றதுக்குன்னா இதுதான் எஜே. எங்க தெருவுல அத்தன பேரும் தக்காளி நாத்துக்கு இதத்தான் போடுறாங்க" என்று ஒன்றைக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து போட்டதும் கூடம் முழுக்க ரோஜா நிறமானது. சுவர், ரொட்டி, ஸ்தால்பெக், எல்லாம் ரோஜா. எதிர்க் கட்டடத்துக் கிழவர் ஒருவர் முற்றத்தில் ஸ்தால்பெக்கை நிறுத்தி, வீட்டில் என்ன தொழில் ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஏன்யா, ரொம்பக் கண்ண உறுத்துதா?" என்றாள் புருல் அன்று.

"தக்காளி நல்லா வரும்" என்றான் ஸ்தால்பெக்.

பவளம் பழுப்பாகவே இருந்தது. அப்போதுதான் புருலுக்குத் தன் தவறு உறைத்தது. தன்னிடம் வருகிற எந்தப் பெண்ணையாவது ஜன்னலைப் பார்க்காமல் துணி வாங்க விட்டிருக்கிறாளா? தான் மட்டும் வெளிச்சத்தைப் பார்க்காமல் விளக்கு வாங்கிவிட்டாளே. நகரத்தில் கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் எட்டுப் பேர் என்று ஹெகாய் சொல்லியிருந்தார். அவர்கள் விளக்குகளைப் பார்க்கக் கிளம்பினாள்.

பையில் இரண்டே சாமான்கள். ஒன்று, கடையின் மாதிரித் துணிகள்: செங்கல் நிற வெல்வெட், பச்சைப் பட்டு, வெளுக்காத லினன். இந்த மூன்றும் எந்த நேரத்து வெயிலில் எப்படித் தெரியும் என்பது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இன்னொன்று, வெள்ளை வலைத்துணி இரண்டு மீட்டர். அதை விளக்குக்கு முன் பிடித்து, கண் கூசாமல் பார்க்க முடிகிற வரைக்கும் மடித்துக்கொண்டே போவாள். எத்தனை மடிப்போ அதுதான் அந்த விளக்கின் பலம். அவள் வீட்டுப் பழைய விளக்கு ஒரு மடிப்பு. தக்காளி விளக்கும் அதே ஒன்றுதான்.

செல்பேசி பழுதுபார்க்கும் கெல்திபெக் வீட்டு விளக்குக்குப் பதினொரு மடிப்பு ஆனது.

"பதினொண்ணா!" கெல்திபெக்குக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது வயது, எதிலும் உரத்த கருத்து உடையவன். "ஊர்லயே இதுக்கு மேல ஒண்ணு இல்ல எஜே. டாக்டரோடது பழசு. தாத்தா விளக்கு. நீங்களும் இதையே வாங்குங்க, நான் சொல்லி வாங்கித் தர்றேன்."

அந்த வெளிச்சத்தில் எல்லாம் மின்னியது. புருல் செங்கல் வெல்வெட்டைப் பிடித்துப் பார்த்தாள், அரசி உடுத்துவதுபோல் இருந்தது. பச்சைப் பட்டைப் பிடித்தாள், அதுவும் அப்படியே. லினன்கூட ஜொலித்தது.

"இந்த வெளிச்சத்துல எந்தத் துணியும் வித்துடும்" என்றாள்.

"அதான் சொல்றேன்!"

"அதனாலதான் நம்ப முடியல."

ஹெகாய் அவனுக்கும் முன்பே ஒரு துண்டு கொடுத்திருந்தார். அதைத் தேடினாள். மூலையில் சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளையாக நின்றது. "அதுவா, நெறம் மாறிடுச்சு எஜே. இந்த வெள்ளை ரொம்ப அபூர்வமாம்" என்றான் கெல்திபெக். புருல் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். அபூர்வம் இரண்டு வாரத்தில் உதிர்ந்துபோயிற்று.

ஹெகாய் விளக்கு ஏழு மடிப்பு. அதன் கீழே பச்சை கொஞ்சம் ஆழமானது, செங்கல் கொஞ்சம் அடங்கியது, லினன் மட்டும் நாலு மணிப் பனிபோல் லேசாக நீலம் பாரித்தது. எந்தத் துணியும் தன்னை மறக்கவில்லை. இதுதான் என்று புருலுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வகை விளக்கு இப்போது வருவதில்லை என்று ஹெகாய் கையை விரித்தார். விசாரித்துப் பார்க்கிறேன் என்றார்.

அவர் விசாரிப்பதற்குள் ஜனவரி வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துமூன்று டிகிரி குளிரில் ஹெகாய் வீட்டுத் தெருவில் மண்ணுக்கடியில் மின்கம்பி அறுந்தது. அவர் வீட்டுக்கு வெதுவெதுப்பும் மின்சாரத்தில்தான். விஷயம் தெரிந்ததும் புருல் கடையை மூடிவிட்டு, இருப்பதிலேயே கனமான திரைகள் எட்டை டாக்ஸியில் போட்டுக்கொண்டு போனாள். இருவருமாகத் தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். ஹெகாய் மேல்கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுக்குழாயைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தார். வெப்பமானி இருபதுக்கு இறங்கியது, பதினெட்டுக்கு இறங்கியது. இரண்டாம் நாள் மத்தியானம் பதினான்கு. மூன்றாம் நாள் காலை மின்சாரம் வந்தது. விளக்கு தானாக எரிந்தது. அதன் கீழே உயிருள்ளது எதுவும் இல்லை.

ஹெகாய் தொட்டியைக் காலி செய்து துடைத்தார். குளிர்காலத்து வெங்காயத்தை அதில் கொட்டி வைத்தார். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்வந்தார். யாராவது தொட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் வாயைத் திறவுங்கள் என்று சொல்லிவிடுவார் என்று கெல்திபெக் எல்லோரிடமும் சொன்னான்.

அந்த ஊதாப் பவளத்தில் இனி மிச்சம் இருந்தது புருல் வீட்டிலிருந்த பழுப்புக் கட்டைவிரல் ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு கெல்திபெக் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். தட்டு நிறைய மந்தி, ஆவியில் வெந்த கறிக் கொழுக்கட்டை, சாப்பிட்டார்கள். பிறகு தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"பட்டினி கெடக்குது எஜே. இன்னும் ரெண்டு மாசம் தாங்காது. எங்கிட்ட குடுங்க. என் விளக்குல பத்தே நாள்ல ஊதாவாக்கிக் காட்டுறேன்."

"உன் விளக்குல ஒண்ணு பத்தே நாள்ல வெள்ளையாச்சு."

மற்ற இருவரும் மந்தித் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அது வேற விஷயம். சும்மா இப்படியே வெச்சிருந்தா சாகும், அது நிச்சயம். ஒரே ஒரு துண்டு இருக்கு, அத வெச்சு நீங்க..." அவன் வார்த்தையைத் தேடினான். "நீங்க கர்ட்டன் தைக்கிறவங்க எஜே."

"ஆமா" என்றாள் புருல். "இன்னொரு மந்தி எடுத்துக்க."

அவர்கள் போனதும் அவள் வெகுநேரம் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கெல்திபெக் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. இருட்டில் விட்டால் சாகும், வெளிச்சத்தில் வைத்தாலும் சாகும். அவள் கையில் செத்தால், ஒரு மனிதர் பதினான்கு வருடம் வளர்த்தது கடைசியாகத் தக்காளி விளக்கின் கீழ் முடிந்தது என்று ஆகும். மறுநாள் ஹெகாய் கிளினிக்கில் போய், பல்வலிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்தாள்.

"டாக்டர், அந்த விளக்க எனக்குத் தாங்க."

"எடுத்துட்டுப் போ. வெங்காயத்துக்கு எதுக்கு?" என்றார் ஹெகாய். பிறகு, அவள் கதவருகே போனதும், கருவிகளைக் கழுவியபடியே சொன்னார்: "நேரா போட்டா செத்துடும்."

"தெரியும். ஏழு மடிப்பு."

அவருக்கு அது புரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஸ்தால்பெக் கூரையில் இரண்டு துளை போட்டு, லிஃப்ட் கம்பியில் அந்த விளக்கைத் தொங்கவிட்டான். அரை டன் தாங்கும் என்றான். விளக்கு மூன்று கிலோ. புருல் தொட்டியின் வாயளவுக்கு மரச்சட்டம் செய்யச் சொன்னாள். அதன் மேல் விரிக்க வெள்ளை வலைத்துணியில் ஆறு துண்டுகள் வெட்டினாள். கணக்கு எளிது. ஏழு மடிப்பு விளக்கின் கீழே ஆறு துணி போட்டால், பவளத்துக்கு எட்டுவது பழைய ஒரு மடிப்பு வெளிச்சம்தான். அதற்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. பிறகு வாரம் ஒரு துணி எடுக்க வேண்டும்.

ஆறு துண்டுக்கும் நாலு பக்கமும் மடித்துத் தைத்தாள்.

"பவளத்துக்கு ஓரம் அடிக்கணுமா?" என்றான் ஸ்தால்பெக்.

"நூல் தண்ணில விழும்" என்றாள். காரணம் அது இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஓரம் அடிக்காத துணி அந்த வீட்டில் எங்கேயும் இல்லை.

முதல் ஞாயிறு முதல் துணியை எடுத்தாள். எடுத்துவிட்டு ஹெகாய்க்குப் போன் போட்டாள்.

"ஒண்ணு எடுத்துட்டேன் டாக்டர். ஒண்ணும் ஆகல."

மறுமுனையில் "ம்" என்று ஒரு சத்தம். வைத்துவிட்டார்.

இரண்டாம் ஞாயிறு இன்னொரு ம். மூன்றாம் துணி எடுத்த நாலாம் நாள் பவளத்தின் நுனி வெளிறியது. புருல் அன்று கடைக்குப் போகவில்லை. எடுத்த துணியைத் திரும்பப் போட்டாள். யோசித்து, இன்னொன்றையும் போட்டாள். கெல்திபெக் தொட்டியைப் பார்க்க வந்தவன், மீனுக்குக்கூட வெட்கமா எஜே, பாவாடை கட்டிவிட்டிருக்கிறீர்களே என்று சிரித்தான். மீனே இல்லை என்று ஸ்தால்பெக் சொன்னான். அவன் அன்று பேசியது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிறு போனில் புருலின் குரல் இறங்கியிருந்தது. "வெளுத்துடுச்சு டாக்டர். அவசரப்பட்டுட்டேன்."

"எவ்ளோ?"

ஹெகாய் கேட்ட முதல் கேள்வி அது. புருல் செல்பேசியை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "நுனி மட்டும். குண்டூசித் தலை அளவு."

"எந்தக் குண்டூசி?"

"கண்ணாடித் தலை வெச்சது இல்ல. சாதாரணது."

"பொழைக்கும். ரெண்டு வாரம் தொடாத."

அவள் மூன்று வாரம் தொடவில்லை. அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று என்பதைப் பத்து நாளுக்கு ஒன்று என்று மாற்றினாள். தோட்டங்களில் ஆப்ரிகாட் பூத்து உதிர்ந்தபோது நுனிகளில் பச்சை வந்தது. கடைசித் துணியை எடுத்த வாரம், கிளையின் அடியில், வெந்நீரில் சாயம் கரைவதுபோல், ஊதா மெல்ல ஏற ஆரம்பித்தது. ஸ்தால்பெக் வேலையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய்க் குனிந்து பார்க்கத் தொடங்கினான். கேட்டால் கம்பி தாங்குகிறதா என்று பார்த்ததாகச் சொல்வான்.

ஞாயிறு போன் நிற்கவில்லை. பார்க்க வாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். வேலை இருக்கிறது என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டருக்கு என்ன வேலை என்று அவள் கேட்டதில்லை. கோடை போயிற்று, இன்னொரு குளிர்காலம் வந்தது, மின்கம்பி எதுவும் அறாமல் போயிற்று. பவளத்தில் இப்போது ஏழெட்டுக் கிளைகள். நடுவில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு விரல் உயரமாக, அடியிலிருந்து நுனிவரை ஊதாவாக நின்றது. கெல்திபெக் தன் விளக்கின் பலத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, தானே கண்டுபிடித்த முறை என்று மற்ற ஆறு பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். புருல் மறுத்துப் பேசவில்லை. அவன் கேட்டதும் வலைத்துணி மட்டும் வெட்டிக் கொடுத்தாள், ஓரம் அடித்து.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, போன் போடுவதற்கு முன்பே அழைப்பு மணி அடித்தது. ஹெகாய் நின்றார். கையில் துவாலையில் சுற்றிய குறடு, மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. வெங்காயம் தீர்ந்துவிட்டது என்றார். தொட்டியைக் கழுவி, தண்ணீர் விட்டு, ஒரு விளக்கும் விசாரித்து வாங்கி மாட்டி, ஒரு மாதமாகிறது என்றார். இதையெல்லாம் வாசலிலேயே, நோயாளியின் பெயரையும் வயதையும் சொல்வதுபோல் சொன்னார்.

உள்ளே வந்து தொட்டியின் முன் உட்கார்ந்தார். தேநீர் ஆறியது. ஸ்தால்பெக் அதை எடுத்துக்கொண்டு போய் வேறு கொண்டுவந்து வைத்தான், அதுவும் ஆறியது. ஹெகாய் எழுந்து குறடை எடுத்தார், தண்ணீர் மட்டம் வரைக்கும் கொண்டுபோனார், திரும்ப எடுத்துத் துவாலையில் துடைத்தார். முப்பத்தைந்து வருடம் பல் பிடுங்கிய கை அது. ஆனால் அதற்கு மேல் போகவில்லை.

"நீயே எடு" என்றார்.

புருல் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டாள்.

"பின்னால, கண்ணாடி ஓரமா ஒரு சின்னது இருக்கு பாரு. அது போதும் எனக்கு. அது போனா வெளியத் தெரியாது."

அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். குறடு பின்பக்கம் போய் அந்தச் சின்னக் கிளையின் பக்கத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி வந்து, நடுவில் நின்ற உயரமான கிளையை அடியோடு சேர்த்துப் பிடித்தது.

"அது இல்ல புருல், அது..." ஹெகாய் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது, டக் என்று.